பாராளுமன்றம்: சொல்லும் ஆட்சியும்

துறைமுகங்களிற் பண்டங்களோடு சொற்களும் இறங்குதல் இயல்பு. இறங்கிய சொல் உள்ளூர் வாயிற் படிந்து, அவ்வூரார்க்கு முன்பே பழக்கமான வேறொரு சொல்லின் வடிவை ஏற்று நிலைபெற்றுவிடுவதும் உண்டு. திருகோணமலையில் ஒரு குன்றுப் பகுதி ஆங்கிலத்தில் ஓர்ஸ் ஹில் என்றும் தமிழில் உவர்மலை என்றும் வழங்குகிறது. ஓர் என்பது ஆங்கிலேயர் பெயர். உவர் என்பது உப்புச் சுவையைக் குறிக்குந் தமிழ்ச்சொல். இரண்டுக்கும் பொருளில் உறவு யாதுமில்லை. ஒலியில் மட்டுமே உறவு உண்டு. சென்னையில் ஹமில்டன் பாலம் மக்கள் வாயில் அம்பட்டன் வாராவதியாகி, அத்தமிழ்ப் பெயரையே மெய்யென நம்பிய ஆங்கிலேயர் அதனை மறுபடியும் தம்மொழியில் நாவிதர் பாலம் என்று பெயர்த்த வேடிக்கை பலரறிந்தது. செவி ஒன்றைக் கேட்க, மனம் வேறொன்றைப் பொருத்திக்கொள்ளும் இச்செயல் கல்லாதார்க்கே உரியது என்று எண்ணுதல் பிழை. கற்றோரும் இதனைச் செய்திருக்கின்றனர். அவர்கள் செய்தவற்றுள் மிக உயர்ந்த பதவியை எய்திய சொல் பாராளுமன்றம் என்பது.

பார்லிமென்ட் என்னும் ஆங்கிலச் சொல்லை ஒலியாலும் பொருளாலும் ஒருங்கே பெயர்த்த அருஞ்செயல் என்று இச்சொல்லைப் பாராட்டுவோர் பலர். ஒலியைப் பொறுத்தவரை அப்பாராட்டு முற்றிலுந் தகும். பொருளைப் பொறுத்தவரை தகாது. மூலச்சொல் எதனைத் தன் உயிராகக் கொண்டிருந்ததோ அது தமிழாக்கத்தில் இல்லை. தமிழாக்கம் எதனைத் தன் நடுவில் வைத்திருக்கிறதோ அது மூலத்தில் இல்லை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வேறுபாடு அகராதியோடு அடங்கிவிடுவதன்று என்பதற்கு, இலங்கையின் அரசியலமைப்புக்களும் திருகோணமலையின் வரலாறும் சான்றாகின்றன.

மூலச்சொல்லின் வரலாற்றை முதலில் நோக்குதல் வேண்டும். பழைய பிரெஞ்சு மொழியிற் பார்லே என்பது பேசுதல். அதிலிருந்து பிறந்த பார்லமான் என்பது பேச்சு, உரையாடல். பார்லே என்னும் வினையோ பிற்கால இலத்தீனில் வழங்கிய பரபோலாரே என்பதன் திரிபு. அதற்கு அடி பரபோலா. அதற்கும் அடி கிரேக்கத்தின் பரபொலே. ஒன்றன் பக்கத்தில் மற்றொன்றை எறிந்து வைத்தல் என்பதே கிரேக்கச் சொல்லின் நேர்ப்பொருள். அதாவது ஒப்புமை காட்டல். தமிழிலக்கணத்தார் உவமை என்பது. சுவிசேஷங்களில் இயேசு கூறிய உவமைக் கதைகளை இச்சொல்லாற் சுட்டிய கிறித்தவ இலத்தீன், நாளடைவில் அதனை ‘வாக்கு’, ‘சொல்’ என்னும் பொதுப்பொருளுக்கு விரித்தது. உவமையிலிருந்து சொல்லுக்கும், சொல்லிலிருந்து பேச்சுக்கும், பேச்சிலிருந்து பேசுங் கூட்டத்துக்குமாக இச்சொல் நடந்து வந்திருக்கிறது. இவ்வழியில் எந்தப் படியிலும் ஆட்சி என்னும் பொருள் குறுக்கிடவில்லை.

இங்கிலாந்தில் 13ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் மன்னன் தன் பிரபுக்களையும் மதகுருமாரையும் கூட்டி ஆலோசித்த அமர்வுகளுக்கு இப்பெயர் வழங்கத் தொடங்கிற்று. முதலில் அது ஒரு நிறுவனத்தின் பெயரன்று. ஒரு நிகழ்ச்சியின் பெயர். மன்னன் பார்லிமென்ட் நடத்தினான் என்றால் பேசிப் பார்த்தான் என்பதே கருத்து. பேச்சு அடிக்கடி நிகழ, நிகழ்ச்சி நிறுவனமாயிற்று. பிரான்சிலோ அதே சொல் வேறு வழியிற் சென்றது. அங்கே பாரிஸ் முதலிய நகரங்களிலிருந்த பார்லமான்கள் உயர் நீதிமன்றங்கள். வழக்குரை கேட்பனவாதலின் அப்பெயர் பெற்றன. பிரெஞ்சுப் புரட்சியின்போது 1790இல் அவை ஒழிக்கப்படும்வரை அந்நிலை நீடித்தது. 1782இற் சுஃப்ரேன் தலைமையிலான பிரெஞ்சுக் கடற்படை திருகோணமலையைக் கைப்பற்றியபோது, கோட்டையில் ஏறிய பிரெஞ்சுப் போர்வீரனுக்குப் பார்லமான் என்றால் நீதிமன்றம். அதே ஆண்டில் அவனுக்குச் சற்று முன்னர் அக்கோட்டையைப் பிடித்திருந்த ஆங்கிலேயனுக்கு அது சட்டசபை. இவர்களுக்கெல்லாம் முன்னரே, 1622இற் கோணேசர் கோயிலை இடித்து 1624இற் கோட்டை கட்டிய போர்த்துக்கேயரிடம் இவ்வேரின் இன்னொரு கிளை இருந்தது. சொல் என்பதற்கு அவர்கள் வழங்கும் பலவ்ரா, பரபோலாவின் திரிபேயாகும்.

ஆகவே பேச்சு என்னும் பொருளுடைய ஒரு சொற்குடும்பம், வெவ்வேறு கப்பல்களில், வெவ்வேறு பொருளோடு ஒரே குடாவுக்கு வந்திருக்கிறது. தமிழ் அதனை வாங்கிக்கொண்ட முறையே இனி ஆராய்தற்குரியது.

பார், ஆளும், மன்றம் என்னும் மூன்றும் புணர்ந்து பாராளுமன்றம் ஆயிற்று. ஆங்கிலச் சொல்லின் மெய்யொலிகள் வரிசை மாறாமல் இதில் அமைந்துள்ளமை வியப்புக்குரியது. பகரமும் ரகரமும் பார் ஆயின. லகரத்துக்கு ளகரம் நின்றது. ‘மென்ட்’ என்பதற்கு ‘மன்ற்’ நின்றது. இவ்விறுதிப் பொருத்தத்தை ஈழத்தார் மற்றையோரினும் நன்கு உணர்வர். ஆங்கிலத்தின் ‘ட்’ ஒலியை றகரத்தால் எழுதுதல் ஈழத்து மரபு. கிலோமீற்றர் என்றும் சிகரெற் என்றும் எழுதும் கைக்கு ‘மன்ற்’ என்பது ‘மென்ட்’ என்பதன் நேரிய ஒலிபெயர்ப்பாகவே தோன்றும். சிங்களம் மூலத்தை அப்படியே வாங்கிப் பார்லிமேந்துவ என்று தன் விகுதி சேர்த்துக்கொண்டது. அது வந்தவனை வந்தவனாகவே வைத்திருக்கும் முறை. தமிழோ வந்தவனுக்கு வேட்டி கட்டி, ஊர்ப்பெயரும் இட்டு, பழங்குடியினன் என்றே நம்ப வைத்துவிட்டது.

இச்சொல்லைக் குறைகூறியோர் இல்லாமலில்லை. அவர்கள் குறைகண்ட இடம் ‘பார்’. பார் என்பது உலகம். ஒரு நாட்டின் சட்டசபை உலகத்தை ஆள்வது எங்ஙனம் என்பது அவர்களது வினா. அதனாற் பாரை நீக்கி நாட்டை வைத்து நாடாளுமன்றம் என்றனர். தமிழ்நாட்டில் அவ்வடிவமே பெருவழக்காயிற்று. இலங்கை பழைய வடிவத்தையே பற்றிக்கொண்டது. பார் என்பது கடலடியிலுள்ள கற்றிட்டையும் குறிக்கும். முத்துக்குளிப்போர் பேசும் முத்துப்பார் அதுவே. அப்பொருளைக் கொண்டாற் கடற்றொழிலாளர்க்கு இச்சொல் நீருக்கடியிலுள்ள பாறையை ஆளும் மன்றமாகிவிடும். இவ்வாறெல்லாம் ‘பார்’ பற்றி நகையாட இடமுண்டு. ஆயினும் திருத்தியோர் கைவைத்த இடம் தவறானது. உலகம் பெரிது, நாடு சிறிது என்று அளவைத் திருத்தினரேயன்றி, ‘ஆளும்’ என்பதை எவரும் வினவவில்லை. பிழை அங்கேதான் இருந்தது.

மேலும், நாடு என்பதனைக் கொண்டுவந்து சேர்த்ததில் ஒரு நகைமுரண் உண்டு. சோழர் காலச் சாசனங்களில் நாடு என்பது ஒரு நிலப்பிரிவின் பெயர் மட்டுமன்று. அந்நிலப்பிரிவின் தலைமக்களாகிய நாட்டார் கூடிய அவைக்கும் அதுவே பெயர். ஊர் என்பதும் அவ்வாறே குடியிருப்பையும் அக்குடியிருப்பின் கூட்டத்தையுங் குறித்தது. பிராமணர் ஊர்களில் சபை, வணிகர் ஊர்களில் நகரம். இடத்துக்கும் அவ்விடத்தார் கூடிப் பேசுங் கூட்டத்துக்கும் ஒரே சொல்லை வழங்கிய மொழி, பிற்காலத்தில் நாட்டை ஆளப்படும் பொருளாக்கி, மன்றத்தை அதன்மேல் ஏற்றிவைத்திருக்கிறது. நாடாளுமன்றம் என்று ஆக்கியோர் இதனை எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

மன்றம் என்னும் இறுதிச்சொல்லே இம்மூன்றனுள் மூலத்துக்கு உண்மையில் நெருங்கியது. சங்க இலக்கியத்தில் மன்று ஊர்நடுவிலுள்ள பொதுவிடம். மரத்தின் கீழ் முதியோர் கூடுமிடம். மாலையில் ஆநிரை வந்து தங்குமிடமும் அதுவே. சிலப்பதிகாரம் புகார் நகரத்து ஐவகை மன்றங்களைப் பேசுகிறது. தில்லையிலே அது இறைவன் ஆடும் அம்பலமாயிற்று. வழக்குத் தீர்க்கும் இடமாகவும் மன்று இருந்ததனாலேயே இன்றும் நீதிமன்றம் என்பது இயல்பாக வருகிறது. பிரெஞ்சுக்காரர் பார்லமான் என்றதும் தமிழர் நீதிமன்றம் என்பதும் இவ்வகையில் ஒரே இடத்திற் சந்திக்கின்றன.

மன்றிற் பேசியதைத் தமிழ் மறந்துவிடவில்லை. அந்நினைவு ஒரு வினைச்சொல்லில் தங்கியிருக்கிறது: மன்றாடுதல். வழக்குரைத்தல் என்பது அதன் பழம்பொருள்களுள் ஒன்று. மன்றில் நின்று தன் வழக்கை எடுத்துரைத்தவன் மன்றாடினான். பின்னர் அச்சொல் தாழ்ந்து இரந்து வேண்டுதல் என்னும் பொருளில் நிலைத்தது. கத்தோலிக்கர் வழிபாட்டில் மன்றாட்டு என்பது இறைவனை வேண்டும் வேண்டுகோள். உரிமையோடு வாதிட்டவன் கைகூப்பி நிற்பவனாக மாறிய கதை இவ்வொரு சொல்லில் அடங்கியிருக்கிறது. பாராளுமன்றம் என்னுஞ் சொல்லை ஆராய்வோர் மன்றாடுதல் என்னுஞ் சொல்லையும் அதன் அருகில் வைத்து நோக்காமை குறையே. ஒன்றிலே மன்று ஆள்கிறது. மற்றொன்றிலே மன்றில் நிற்பவன் கெஞ்சுகிறான்.

திருகோணமலை மாவட்டத்தில் மன்றுக்கும் அவைக்கும் நெடிய வரலாறு உண்டு. துறைமுகத்திலிருந்து தென்மேற்காக ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தொலைவிலுள்ள கந்தளாய், சோழராட்சியில் இராஜராஜச் சதுர்வேதிமங்கலம் என்னும் பிரமதேயமாக இருந்தது. 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அவ்வூர்ச் சாசனம் பெருங்குறிப் பெருமக்களைக் குறிப்பிடுகிறது. பெருங்குறி என்பது பேரவை. விஜயபாகு மன்னனின் 42ஆம் ஆட்சியாண்டுக்குரிய பளமோட்டைச் சாசனத்தில் அதே ஊர் விஜயராஜச் சதுர்வேதிமங்கலம் என்று அழைக்கப்படுகிறது. சோழன் பெயர் போய்ச் சிங்கள மன்னன் பெயர் வந்தது, பிரமதேயம் நிலைத்திருந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஆண்ட நிசங்கமல்லனின் கந்தளாய்க் கல்லாசனச் சாசனமும் அவ்வூரைச் சதுர்வேதப் பிரமபுரமாகவே அறிகிறது.

இத்தகைய சான்றுகளைக் கண்டவுடன் தமிழரிடம் பார்லிமென்ட் அன்றே இருந்தது என்று முழங்குவது மேடைகளில் வழக்கம். உத்தரமேரூர்க் கல்வெட்டுக்களும் இவ்வாறே பயன்படுத்தப்படுகின்றன. அம்முழக்கத்துக்கு ஆதாரம் போதாது. பிரமதேயத்தின் சபை நிலமும் வேதக்கல்வியும் உடைய பிராமணரின் கூட்டம். குளத்துநீரைப் பாய்ச்சியவனும் வயலில் இறங்கியவனும் அங்கே அமரவில்லை. பிறர் சார்பாகப் பேசுதல் என்னும் பிரதிநிதித்துவக் கருத்து அங்கே இல்லை. ஆனால் ஒன்று உண்டு: அவ்வவை தன்னை ஆளும் அவை என்று அழைத்துக்கொள்ளவில்லை. பெருங்குறி, மகாசபை, பெருமக்கள் என்னும் பெயர்கள் கூட்டத்தின் பெருமையைச் சொல்வன, ஆட்சியைச் சொல்வனவல்ல. ஆட்சி மன்னனுடையது என்பதில் அவர்களுக்கு ஐயமிருக்கவில்லை.

திருகோணமலைக்கேயுரிய நூலான கோணேசர் கல்வெட்டிலும் இத்தெளிவு காணப்படுகிறது. கவிராஜவரோதயர் இயற்றியதாகக் கொள்ளப்படும் அந்நூல் கோயிற்றொழும்புகளைத் தானத்தார்க்கும் வரிப்பற்றார்க்கும் பகுத்துக் கூறுகிறது. குளக்கோட்டன் மதுரையிலிருந்து தனியுண்ணாப் பூபாலனை அழைத்து வன்னிபமாக அமர்த்தினான் என்பதும் அந்நூற்செய்தி. கடமைகள் பலருக்கும் பகுக்கப்பட்டன. ஆளும் பொறுப்பு ஒருவனுக்கு அளிக்கப்பட்டது. அது வரலாறா ஐதிகமா என்பது வேறு வினா. யார் ஆள்கின்றார், யார் கூடுகின்றார் என்பதை நூலாசிரியர் ஒரே சொல்லுக்குள் மறைத்து வைக்கவில்லை என்பதே இங்கு வேண்டப்படுவது. வள்ளுவரும் அவையைப் பற்றிய அவையறிதல், அவையஞ்சாமை என்னும் இரு அதிகாரங்களை அமைச்சியலின் இறுதியில் வைத்தார். அமைச்சு என்னும் அதிகாரத்தை அடுத்தே சொல்வன்மையை வைத்தார். அவை என்பது சொல்லறிந்தவன் பேசுமிடம் என்ற கருத்து அவ்வைப்புமுறையிலேயே தெரிகிறது.

பாராளுதலோ வேந்தர்க்குரிய அடைமொழி. பாராண்ட மன்னன், பாராளும் வேந்தன் என்பன செய்யுளிலும் கூத்திலும் அடிபட்ட தொடர்கள். அரசனுக்குரிய அவ்வடைமொழியைக் கழற்றிச் சபையின் தலையிற் சூட்டியதே பாராளுமன்றம் என்னுஞ் சொல்லாக்கத்தின் உட்பொருள். முடியாட்சி ஒழிந்து மக்களாட்சி மலர்ந்ததன் அடையாளமாக இதனைக் கொள்ளலாம் என்று ஒருவர் வாதிடுதல் கூடும். ஆங்கில அரசியலறிஞரும் பார்லிமென்டின் இறைமையைப் பேசியவர்களே. ஆனாற் சட்டமியற்றும் அதிகாரம் ஒன்று; ஆளுதல் மற்றொன்று. ஆங்கிலநாட்டிலும் ஆள்வது அமைச்சரவை. சபை அதனை வினவுவது, தடுப்பது, சிலபோது வீழ்த்துவது. வினவுதற்குப் பேச்சு வேண்டும். பேசுமிடம் என்னும் பெயர் அங்கே வெறும் பழமையன்று. அச்சபையின் தொழிலே அது.

இலக்கண வழியாகவும் இச்சொல்லுக்கு ஒரு விளக்கம் உண்டு. ‘ஆளும்’ என்பது பெயரெச்சம். பெயரெச்சம் செய்பவனையே கொண்டு முடியவேண்டும் என்னும் நியதியில்லை. கருவி, நிலம், செயல், காலம், செயப்படுபொருள் ஆகியவற்றையும் கொண்டு முடியும் என்பது நன்னூலார் துணிபு. உண்ணும் மனிதன் என்பதில் மனிதன் உண்கிறான். உண்ணும் கலம் என்பதில் கலம் உண்பதில்லை. உறங்கும் அறை என்பதில் அறை உறங்குவதில்லை. அவ்வாறாயின் ஆளும் மன்றம் என்பதற்கு, மன்றம் ஆள்கிறது என்பது ஒரு பொருள். மன்றத்தைக் கருவியாகவோ இடமாகவோ கொண்டு வேறொருவர் ஆள்கிறார் என்பது இன்னொரு பொருள். சொல்லை ஆக்கியோர் முதற்பொருளைக் கருதினர். வரலாறு பெரும்பாலும் இரண்டாம் பொருளையே மெய்ப்பித்திருக்கிறது.

இலங்கையின் சட்டசபைகள் காலந்தோறும் பெற்ற தமிழ்ப் பெயர்களை அவற்றின் அதிகாரத்தோடு ஒப்பிட்டால் இது விளங்கும். 1833இல் ஏற்பட்டது சட்டநிரூபண சபை. தேசாதிபதிக்கு ஆலோசனை கூறுவதற்கு மேல் அதற்கு ஆற்றல் அதிகமில்லை. 1931இல் டொனமூர் திட்டத்தின்படி அரசாங்க சபை அமைந்தது. அதன் உறுப்பினர் ஏழு நிருவாகக் குழுக்களாகப் பிரிந்து திணைக்களங்களின் அலுவல்களிலே நேரே பங்குகொண்டனர். உறுப்பினர் யாவரும் ஓரளவுக்கேனும் ஆட்சியிற் கைவைத்திருந்த காலம் இலங்கை வரலாற்றில் அதுவொன்றே. அப்போது அதன் பெயரில் ‘ஆளும்’ இல்லை. 1947இற் பிரதிநிதிகள் சபையும் செனட் சபையும் மன்னரும் சேர்ந்த பார்லிமென்ட் வந்தது. குழுமுறை போய் அமைச்சரவை வந்தது; உறுப்பினரிற் பெரும்பாலார் கேட்போரும் கேட்பிப்போரும் ஆயினர். ஆட்சி அவர்கள் கையைவிட்டு நீங்கிய அவ்வேளையிலே ‘ஆளும்’ பெயரில் ஏறியது.

1972 மே 22ஆந் திகதி நடைமுறைக்கு வந்த குடியரசு யாப்பு தேசிய அரசுப் பேரவையை நிறுவியது. அரச அதிகாரத்தின் அதியுயர் கருவி அப்பேரவையே என்று அவ்யாப்பு விதந்து கூறியது. சட்டமும் நிருவாகமும் நீதியும் அதன் வழியாகவே செலுத்தப்படும் என்ற யாப்பு அது. தமிழ்ச்சொல் தன் முழுப்பொருளையும் எய்தத்தக்க தருணம் ஒன்று வந்ததென்றால் அது அதுதான். அத்தருணத்திலே பாராளுமன்றம் என்னும் பெயர் கைவிடப்பட்டது. 1978 செப்டெம்பர் 7ஆந் திகதிய யாப்பு நிறைவேற்றதிகாரத்தை மக்கள் நேரே தெரியும் சனாதிபதியிடம் ஒப்படைத்தது. சபையைக் கூட்டவும் ஒத்திவைக்கவும் கலைக்கவும் வல்லவர் அவர். ஆட்சி சபையைவிட்டுப் பெயர்ந்த அந்நாளிலே பாராளுமன்றம் என்னும் பெயர் மீண்டும் வந்து அமர்ந்தது. ஆளும்போது அப்பெயரில்லை, அப்பெயருள்ளபோது ஆட்சியில்லை.

1972ஆம் ஆண்டின் அப்பேரவைக்குத் திருகோணமலையிலிருந்து ஒரு மறுமொழியும் எழுந்தது. யாப்பு நடைமுறைக்கு வருவதற்கு எட்டு நாட்களுக்கு முன், மே 14ஆந் திகதி, தமிழ்க் கட்சிகள் அந்நகரிற் கூடித் தமிழர் கூட்டணியை அமைத்தன. 1956 ஓகஸ்ட் மாதத்தில் தமிழரசுக் கட்சியின் மாநாட்டுக்கு மக்கள் கால்நடையாகத் திருமலை நோக்கிப் பயணஞ்செய்ததும் அந்நகருக்கே. அரசியலமைப்புக்கு வெளியே கூடிய அவ்விரு கூட்டங்களும் தம்மை ஆளும் மன்றென்று சொல்லிக்கொள்ளவில்லை. கூட்டணி, மாநாடு என்னும் சொற்கள் கூடுதலையே சொல்வன.

பேச்சை அகற்றித் தலைமையை நடுவில் வைக்கும் இப்போக்கு வேறொரு சொல்லிலுங் காணத்தக்கது. ஆங்கிலத்திற் சபையை நடத்துபவர் பெயர் ஸ்பீக்கர்; பேசுபவர் என்பது அதன் பொருள். சபையின் சார்பில் மன்னன் முன் பேசுதற்குரியவர் ஆதலின் அப்பெயர். மன்னனுக்கு உவப்பில்லாததைப் பேசித் துன்புற்றோரும் அப்பதவியில் இருந்திருக்கின்றனர். தமிழில் அவர் சபாநாயகர். தில்லைக் கூத்தனுக்குரிய திருப்பெயர் அது. அழகிய சொல் என்பதில் ஐயமில்லை. எனினும் பிறர்க்காக வாய்திறக்கவேண்டியவர் நாயகராகி உயர்ந்துவிட்டார். அவர் யாருக்காகப் பேசவேண்டியவர் என்பது பெயரிலிருந்து மறைந்தது.

திருகோணமலைக்கு மிக இன்றியமையாத பொருளாகிய துறைமுகத்தை எடுத்துக்கொண்டால், ஆளுதல் எங்கே நிகழ்ந்தது என்பது தெளிவாகும். சுதந்திரத்துக்கு முன்பாக 1947 நவம்பரிற் பிரித்தானியாவோடு செய்யப்பட்ட பாதுகாப்பு உடன்படிக்கையால் ஆங்கிலக் கடற்படை அங்கே தொடர்ந்திருந்தது. 1957 ஒக்டோபர் 15ஆந் திகதி அத்தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டதும் இரு அரசாங்கங்களின் இணக்கத்தாலேயே. 1987 யூலை 29ஆந் திகதிய இந்திய - இலங்கை ஒப்பந்தத்தோடு இரு நாட்டுத் தலைவர்களும் பரிமாறிய கடிதங்களில் திருகோணமலைத் துறைமுகம் பெயர்சுட்டி இடம்பெற்றது: இந்திய நலனுக்குப் பாதகமாக எந்நாட்டின் படைப்பயன்பாட்டுக்கும் அது விடப்படலாகாது, எண்ணெய்த் தாங்கிகளைச் சீர்செய்து நடத்தல் கூட்டு முயற்சியாகும். 2022 சனவரியில் அத்தாங்கிகள் 99உம் பங்கிடப்பட்டன: 14 இந்திய எண்ணெய் நிறுவனத்தின் இலங்கைக் கிளைக்கு, 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 கூட்டு நிறுவனத்துக்கு. இவை அனைத்தும் கடிதத்தாலும் கையொப்பத்தாலும் முடிந்தவை. துறைமுகத்தை ஆண்டது மன்றமன்று.

மன்றத்தில் எஞ்சியிருந்தது பேச்சு. அதன் மதிப்பைத் திருகோணமலைத் தொகுதி இருமுறை உணர்ந்தது. 1977இல் அத்தொகுதியின் உறுப்பினராகத் தெரிவான இரா. சம்பந்தன், தம் கட்சியினரைப் போலவே, 1983 ஓகஸ்டில் வந்த ஆறாந் திருத்தத்தின் சத்தியத்தைச் செய்ய மறுத்து ஆசனத்தை இழந்தார். அனுமதியின்றி மூன்று மாதம் சமுகமளியாத உறுப்பினரின் ஆசனம் வெறிதாகும் என்பது யாப்பின் விதி. பேசுவதற்கு வராதவனுக்கு இடமில்லை என்னும் அவ்விதி, மூலச்சொல்லின் பொருளுக்கு எவ்வளவோ நேரியது. ஆட்சியில் எப்பங்கும் இல்லாத அம்மக்கள் அன்று இழந்தது பேசும் வாயை. ‘ஆளும்’ என்பதே சொல்லின் உயிராயின் அவர்கள் எதையும் இழக்கவில்லை என்றாகும். இழந்தது என்னவென்பது பின்வந்த ஆண்டுகளில் யாவருக்குந் தெரிந்தது.

மற்றொன்று 2018இல் நிகழ்ந்தது. நவம்பர் 9ஆந் திகதி சனாதிபதி பாராளுமன்றத்தைக் கலைத்தார். அப்போது எதிர்க்கட்சித் தலைவராயிருந்த அதே சம்பந்தன் உயர் நீதிமன்றிற் பிறரோடு வழக்குத் தொடுத்தார். திசெம்பர் 13ஆந் திகதி ஏழு நீதியரசரும் ஒருமனமாகக் கலைப்பு யாப்புக்கு முரணென்று தீர்ப்பளித்தனர். அவ்வழக்கு அவர் பெயராலேயே அறியப்படுகிறது. பாரை ஆள்வதாகப் பெயர்பெற்ற மன்று தன்னைக் காக்க மாட்டாமல் நிற்க, வழக்குரை கேட்கும் மன்று அதனைக் காத்தது. திருகோணமலையின் உறுப்பினர் அங்கே மன்றாடினார், அச்சொல்லின் பழம்பொருளில். 2024 யூன் 30ஆந் திகதி அவர் காலமானார்.

மாகாண மட்டத்தில் மட்டும் தமிழ்ப் பெயர்கள் உண்மையைக் கூறுகின்றன. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாந் திருத்தத்தின் பயனாக ஏற்பட்ட வடக்கு கிழக்கு மாகாண சபை 1988இற் திருகோணமலையிலே அமர்ந்தது. 1990 மார்ச்சில் அங்கே நிறைவேறிய ஈழப் பிரகடனத் தீர்மானத்தோடு அதன் வாழ்வு முடிவுக்கு வந்தது. இணைப்புச் செல்லாதென்று 2006இல் நீதிமன்றம் தீர்த்த பின்னர், 2008இற் கிழக்கு மாகாண சபைக்குத் தேர்தல் நடந்தது. மக்கள் தெரிந்தெடுத்த கூட்டத்துக்கு அங்கே வெறுமனே சபை என்று பெயர். சனாதிபதி அமர்த்தும் அலுவலருக்கோ ஆளுநர் என்று பெயர். நிறைவேற்றதிகாரம் ஆளுநரிடமிருப்பதாகவே திருத்தமுங் கூறுகிறது. ‘ஆள்’ என்னும் பகுதி எவரிடம் இருக்கவேண்டுமோ அவரிடமே இருக்கிறது. 2017இற் கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் முடிந்தபின் பல ஆண்டுகள் தேர்தல் நடைபெறவில்லை. சபையில் உறுப்பினர் எவரும் இருக்கவில்லை. உவர்மலையில் ஆளுநரின் செயலகம் வழமைபோல் நடந்துவந்தது.